மலத்தில் இரத்தம்: வெட்கமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்



முழங்கால் வலித்தால் வீட்டில் எல்லோரிடமும் சொல்கிறோம். சர்க்கரை கூடினால் பக்கத்து வீட்டிலும் சொல்கிறோம். ஆனால் மலம் கழிக்கும்போது இரத்தம் வந்தால் மட்டும் கணவர் மனைவியிடமும் சொல்வதில்லை. தாய் மகளிடமும் சொல்வதில்லை. மருந்துக் கடையில் மெல்லிய குரலில் "மூலத்துக்கு ஏதாவது களிம்பு கொடுங்க" என்று வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். மாதங்கள் ஓடுகின்றன.

பள்ளிவாசல்களில் ஆலிம்களிடம் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் நோயாக வருவதில்லை, மஸ்அலாவாகவே வருகிறது. "ஹஜ்ரத், உளூ நிற்க மாட்டேங்குது, என்ன செய்றது?" என்று தயங்கியபடி கேட்பார்கள். இன்னும் இரண்டு கேள்வி கேட்டால்தான் இரத்தம் போகும் விஷயம் வெளியே வரும். உளூவின் சட்டத்தைச் சொல்லி அனுப்பிவிட்டால் அவருடைய தொழுகை சீராகும், உடல் சீராகாது. எனவே இந்தக் கட்டுரையில் இரண்டையும் சேர்த்தே பார்ப்போம். இங்கே சொல்லப்படுபவை பொதுவான மருத்துவ விளக்கங்கள். உங்களுக்கு இருப்பது எது என்பதை உங்களைப் பரிசோதிக்கும் மருத்துவரே சொல்ல முடியும்.

வெட்கப்படாத ஒரு ஸஹாபி

இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்கள் பிற்காலத்தில் பஸ்ரா நகர மக்களுக்கு மார்க்கம் போதித்த பெரும் நபித்தோழர். அவர்களுக்கு மூலநோய் இருந்தது. அந்த நிலையில் எப்படித் தொழுவது என்று நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். நின்று தொழ வேண்டும், அதற்கு இயலாவிட்டால் உட்கார்ந்து, அதற்கும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுத்துத் தொழலாம் என்று நபியவர்கள் வழிகாட்டினார்கள். ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ள செய்தி இது.

நோயாளியின் தொழுகை பற்றிப் பேசும்போதெல்லாம் இந்த ஹதீஸை எடுத்துச் சொல்கிறோம். ஆனால் அது எந்த நோயின் காரணமாக வந்த சட்டம் என்பதைக் கவனிப்பதில்லை. தமக்கு இன்ன நோய் என்று ஸஹாபி மறைக்கவில்லை. அதைக் கேட்ட நபியவர்கள் முகம் சுளிக்கவில்லை. அறிவித்தவர்களும் பதிவு செய்தவர்களும் அந்தச் சொல்லை நீக்கவில்லை. ஹயா எனும் வெட்கம் ஈமானின் ஒரு பகுதிதான். ஆனால் மார்க்கத்தைக் கேட்பதற்கும் மருத்துவம் பெறுவதற்கும் அது தடையாக நிற்கக் கூடாது.

நிறத்தைக் கவனியுங்கள்

இரத்தம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு அதன் நிறம் முதல் தடயம்.

பளிச்சென்ற சிவப்பு நிறத்தில், மலத்தின் மேல் கோடு போலவோ, சொட்டுச் சொட்டாகவோ வந்தால் பெரும்பாலும் அது ஆசனவாய் அல்லது மலக்குடலிலிருந்து வருகிறது. கருஞ்சிவப்பாக, மலத்தோடு கலந்து வந்தால் பெருங்குடலின் மேற்பகுதியிலிருந்து வரலாம்.

தார் போலக் கறுத்து, பிசுபிசுப்பாக, கடுமையான நாற்றத்துடன் மலம் போனால் பெரும்பாலும் இரைப்பை அல்லது சிறுகுடலின் தொடக்கத்தில் உள்ள புண்ணிலிருந்து இரத்தம் கசிகிறது என்று பொருள். மூட்டு வலிக்காக மருத்துவச் சீட்டு இல்லாமல் வலி மாத்திரைகளைத் தொடர்ந்து விழுங்கும் பெரியவர்களுக்கு இது வருவதுண்டு. வயிற்றுவலி இல்லாமலும் வரலாம். இது சிவப்பாக இல்லாததால் இரத்தம் என்றே பலருக்குத் தெரிவதில்லை. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறி இது.

இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் மலம் கறுப்பாகும். பீட்ரூட் சாப்பிட்டால் சிவப்பாகத் தெரியும். முந்தைய நாள் என்ன சாப்பிட்டோம் என்று யோசித்துப் பார்த்துவிட்டுப் பயப்படுவது நல்லது. ஆனாலும் சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

அதிகம் காணப்படும் காரணங்கள்

மூலம்: ஆசனவாயின் உட்புறம் இரத்த நாளங்கள் நிறைந்த மெத்தை போன்ற சதைப்பகுதி எல்லோருக்கும் இயல்பாகவே உண்டு. முக்குவது, மலச்சிக்கல், கர்ப்பம், நீண்ட நேரம் கழிவறையில் உட்கார்ந்திருப்பது போன்றவற்றால் அது வீங்கிக் கீழிறங்கினால் அதுவே மூலம். உள்மூலத்தில் பொதுவாக வலி இருக்காது. மலம் போன பின் சிவப்பாக இரத்தம் சொட்டும். இதை மருத்துவர்கள் நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். உள்ளேயே இருப்பது முதல் நிலை. முக்கும்போது வெளியே வந்து தானாக உள்ளே போவது இரண்டாவது. விரலால் தள்ளினால்தான் போகும் என்பது மூன்றாவது. தள்ளினாலும் போகாதது நான்காவது. வெளிமூலத்தில் இரத்தம் கட்டிக்கொண்டால் திடீரென்று கடும் வலியுடன் கட்டி போல வீங்கும்.

முதல் இரண்டு நிலைகளில் பலருக்கு உணவு மாற்றமும் மலத்தை இளக்கும் மருந்துமே போதும். அதற்கும் அடங்காவிட்டால் சிறு ரப்பர் வளையம் மாட்டுதல், ஊசி மருந்து செலுத்துதல் போன்ற எளிய சிகிச்சைகள் உண்டு. பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். முற்றிய நிலையில்தான் அறுவை சிகிச்சை.

ஆசனவாய் வெடிப்பு: கெட்டியான மலம் போகும்போது தோல் கிழிந்து ஏற்படும் காயம். மூலத்துக்கும் இதற்கும் முக்கிய வேறுபாடு வலி. கண்ணாடித் துண்டால் கீறியது போல வலிக்கும். மலம் போன பிறகும் சில மணி நேரம் எரிச்சல் நீடிக்கும். வலிக்குப் பயந்து மலத்தை அடக்குவோம். அடக்க அடக்க மலம் இறுகும். இறுகிய மலம் மீண்டும் கிழிக்கும். இந்தச் சுழலை உடைப்பதே சிகிச்சை. மலத்தை இளக்கி, வெந்நீரில் உட்கார்ந்து வந்தால் புதிய வெடிப்புகள் பெரும்பாலும் சில வாரங்களில் ஆறிவிடும். ஆறு முதல் எட்டு வாரங்களைத் தாண்டியும் ஆறாவிட்டால், தசையின் இறுக்கத்தைத் தளர்த்தும் களிம்போ சிறு அறுவை சிகிச்சையோ தேவைப்படும்.

பவுத்திரம்: ஆசனவாயின் அருகே சீழ்க்கட்டி வந்து உடைந்து, அந்த வழி மூடாமல் நிற்பது. சீழும் இரத்தமும் கலந்து உள்ளாடையில் கறை படியும். களிம்பு பூசி இதை ஆற்ற முடியாது. தேர்ந்த அறுவை சிகிச்சை மருத்துவரிடம்தான் காட்ட வேண்டும்.

சீதபேதி: கிருமிகளாலோ அமீபாவாலோ வருவது. வயிற்றுக் கடுப்பு, சளி போன்ற சீதம், இரத்தம் கலந்த பேதி, சில வேளை காய்ச்சல். சுத்தமில்லாத தண்ணீரும் உணவுமே காரணம். ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுத்துக்கொண்டே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

குடல் அழற்சி: இளம் வயதினருக்கும் வரும். வாரக்கணக்கில் இரத்தமும் சீதமும் கலந்த பேதி, உடல் மெலிவு இதன் அடையாளங்கள். சீதபேதி என்று நினைத்து மாறி மாறி மாத்திரை வாங்கிச் சாப்பிட்டே பலர் காலம் கடத்துகிறார்கள். இதற்கு நீண்டகாலச் சிகிச்சையும் கண்காணிப்பும் தேவை.

பாலிப்: குடலின் உட்சுவரில் முளைக்கும் சிறு சதை வளர்ச்சி. எல்லாம் ஆபத்தானவை அல்ல. ஆனால் சில வகைகள் பல ஆண்டுகளில் புற்றுநோயாக மாறக்கூடும். கொலோனோஸ்கோபி பரிசோதனையின்போதே இவற்றைக் கண்டு அகற்றிவிடலாம்.

பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்: இரத்தம் வரும் பெரும்பாலானவர்களுக்கு இது இருப்பதில்லை. ஆனால் இருப்பவருக்கும் முதல் அறிகுறி மூலத்தைப் போன்ற அதே சிவப்பு இரத்தமாக இருக்கலாம். சிக்கல் அங்கேதான். மூலம் உள்ளவருக்குப் புற்றுநோய் வராது என்று எந்த உத்தரவாதமும் இல்லை. இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம். மலம் போகும் வழக்கம் மாறுவது, மலம் மெலிந்து போவது, போன பிறகும் முழுதாகப் போகாதது போன்ற உணர்வு, காரணமில்லாத எடைக்குறைவு, இரத்தசோகை ஆகியவை சேர்ந்தால் தாமதிக்கவே கூடாது. தொடக்கத்தில் கண்டறிந்தால் குணமாகும் வாய்ப்பு மிக அதிகம்.

இரத்தசோகையைப் பற்றி ஒரு சொல். ஆண்களுக்கோ, மாதவிடாய் நின்றுவிட்ட பெண்களுக்கோ இரும்புச்சத்துக் குறைந்தால் "டானிக் குடித்தால் சரியாகும்" என்று விட்டுவிடக் கூடாது. இரத்தம் எங்கோ கசிகிறதா என்று குடலைச் சோதிக்கச் சொல்வதுதான் மருத்துவ முறை.

குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள்

குழந்தைகளுக்கு மலத்தில் இரத்தம் வந்தால் மலச்சிக்கலால் வரும் வெடிப்பே பொதுவான காரணம். பள்ளிக்கூடக் கழிவறையைப் பிடிக்காமல் அடக்கி வைக்கும் பிள்ளைகள் நிறைய. வலியே இல்லாமல் அடிக்கடி இரத்தம் வந்தால் பாலிப் இருக்கலாம். கைக்குழந்தை விட்டு விட்டு வீறிட்டு அழுது, வாந்தி எடுத்து, சிவப்பு ஜெல்லி போல மலம் கழித்தால் அது குடல் செருகலாக இருக்கலாம். சுளுக்கு, உரம் விழுந்தது என்று வழித்துவிட்டுக்கொண்டிருக்காமல் அந்த மணி நேரத்திலேயே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

கர்ப்பிணிகளுக்கும் பிரசவித்த பெண்களுக்கும் மூலமும் வெடிப்பும் வருவது சகஜம். ஆனால் இந்த இரத்தம் முன் வழியிலிருந்தா, பின் வழியிலிருந்தா என்று சரியாகப் பார்க்க வேண்டும். கர்ப்ப காலத்தில் முன் வழி இரத்தப்போக்கு வேறு ஆபத்து. மாதவிடாய் நின்ற பெண்கள் எந்த வழியில் இரத்தம் கண்டாலும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

முதியவர்களுக்குப் பெருங்குடலில் தோன்றும் சிறு பைகளிலிருந்து வலியில்லாமல் திடீரென்று அதிக இரத்தம் போகலாம். இதய நோய்க்காக ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின் போன்ற மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்கு இரத்தப்போக்கு கூடும். ஆனால் மாத்திரையைத் தாமாக நிறுத்தினால் மாரடைப்பு, பக்கவாத அபாயம் உண்டு. எழுதிக்கொடுத்த மருத்துவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

எப்போது உடனே போக வேண்டும்?

இரத்தம் நிற்காமல் போனாலோ, கட்டி கட்டியாகப் போனாலோ, தலைசுற்றல், மயக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு இருந்தாலோ, மலம் தார் போலக் கறுத்தாலோ, கடும் வயிற்றுவலியோ காய்ச்சலோ சேர்ந்தாலோ, 108-ஐ அழையுங்கள். அல்லது அருகிலுள்ள மருத்துவமனைக்கு உடனே செல்லுங்கள். இரவு, பகல் பார்க்க வேண்டாம்.

அவசரம் இல்லாத நிலையிலும், முதல் முறையாக இரத்தம் கண்டவர்கள், மீண்டும் மீண்டும் வருபவர்கள், நாற்பது வயதைத் தாண்டியவர்கள், குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்தவர்கள் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். தாய், தகப்பன், உடன்பிறந்தவர்களில் ஒருவருக்கு அந்நோய் இருந்தால் அறிகுறி இல்லாவிட்டாலும் எந்த வயதில் பரிசோதிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வளைகுடா நாடுகளில் வேலை செய்யும் சகோதரர்களுக்குத் தனியாக ஒன்று. மணிக்கணக்கில் வண்டியில் உட்கார்ந்து, தண்ணீர் குறைவாகக் குடித்து, குப்பூஸும் இறைச்சியுமாகச் சாப்பிடும் வாழ்க்கையில் மலச்சிக்கல் எளிதில் வரும். "லீவில் ஊருக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒன்றிரண்டு ஆண்டுகள் தள்ளிப் போடாதீர்கள். மூலமாக இருந்தால் முற்றும். வேறாக இருந்தால் காலம் கைநழுவும்.

பரிசோதனையும் அவ்ரத்தும்

மருத்துவர் முதலில் விரலால் சோதிப்பார். பிறகு புராக்டோஸ்கோப் என்ற சிறு குழாயால் உள்ளே பார்ப்பார். சில நிமிடங்களில் முடிந்துவிடும். தேவையானால் குடல் முழுவதையும் பார்க்க கொலோனோஸ்கோபி. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைப் பிரிவின் புறநோயாளிகள் பகுதியில் காட்டலாம்.

"அவ்ரத்தைக் காட்டலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. சிகிச்சைக்குத் தேவையான அளவு, தேவையான இடத்தை மட்டும் மருத்துவரிடம் காட்டுவதை மார்க்கச் சட்டம் அனுமதிக்கிறது. பெண்கள் பெண் மருத்துவரைத் தேட வேண்டும். கிடைக்காத நிலையில் கணவர் அல்லது மஹ்ரம் உடனிருக்க ஆண் மருத்துவரிடம் காட்டலாம். பெண் மருத்துவர் கிடைக்கவில்லை என்பதற்காகச் சிகிச்சையே பெறாமல் இருப்பது பேணுதல் ஆகாது.

"ஒரே ஊசியில் மூலம் மாயம்" என்று பலகை வைத்திருக்கும் தகுதியற்றவர்களிடம் போகாதீர்கள். அரிக்கும் மருந்துகளை வைத்து ஆசனவாயையே சுருங்க வைத்துவிடும் ஆபத்து இருக்கிறது. சித்தா, யுனானி, ஆயுர்வேத மருத்துவம் பெற விரும்புபவர்கள் பட்டம் பெற்ற, பதிவு செய்த மருத்துவரிடம் செல்லுங்கள். அதற்கு முன் இரத்தத்தின் காரணம் என்ன என்பதைப் பரிசோதித்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

அத்திப்பழம் மூலத்தைப் போக்கும் என்று நபிமொழியாக ஒரு செய்தி பரவலாகப் பகிரப்படுகிறது. இமாம் இப்னுல் கய்யிம் அவர்கள் 'ஸாதுல் மஆத்' நூலில் அந்தச் செய்தியைக் குறிப்பிட்டு, அது உறுதியானதுதானா என்பதில் ஐயம் இருப்பதாகச் சொல்கிறார்கள். அத்திப்பழம் நார்ச்சத்துள்ள நல்ல உணவு, தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் அதை நம்பி மருத்துவரைத் தவிர்ப்பதற்கு மார்க்கத்தைச் சாட்சியாக இழுக்கக் கூடாது.

வீட்டில் செய்ய வேண்டியவை

நார்ச்சத்து: ஒரு நாளைக்குச் சுமார் 25 முதல் 30 கிராம் தேவை. கீரை, வாழைத்தண்டு, அவரை, கொத்தவரை, பயறு வகைகள், கொய்யா, பப்பாளி ஆகியவற்றை உணவில் சேருங்கள். பிரியாணி, புரோட்டா, பொரித்த இறைச்சி மட்டுமே உணவாகும் நாட்கள் நம் வீடுகளில் அதிகம். கறி சமைக்கும் நாளிலும் ஒரு காய் கட்டாயம் இருக்கட்டும். நார்ச்சத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். திடீரென்று கூட்டினால் வயிறு உப்பும்.

தண்ணீர்: நாள் முழுவதும் பரவலாகக் குடியுங்கள். இசப்கோல் சாப்பிடுபவர்கள் ஒரு குவளை நிறையத் தண்ணீருடன் சாப்பிட வேண்டும். சிறுநீரக, இதய நோயாளிகள் தண்ணீரின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடக்காதீர்கள்: மலஜலத்தை அடக்கிக்கொண்டு தொழுவது மக்ரூஹ் என்று படித்திருக்கிறோம். ஜமாஅத் போய்விடுமே என்று அடக்குவது தொழுகையின் உள்ளச்சத்தையும் கெடுக்கும், குடலையும் கெடுக்கும்.

நீண்ட நேரம் உட்காராதீர்கள்: ஷாஃபிஈ மத்ஹபின் பழைய நூலான இமாம் ஷீராஸியின் 'அல்முஹத்தப்', கழிவறையில் நீண்ட நேரம் உட்கார்வது மக்ரூஹ் என்கிறது. அது மூலத்தை உண்டாக்கும் என்று லுக்மான் (அலை) அவர்களின் பெயரால் வரும் சொல்லை அதற்குக் காரணமாகவும் காட்டுகிறது. இன்றைய மருத்துவர்கள் "கழிவறைக்குள் செல்போன் வேண்டாம்" என்று சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான்.

வெந்நீர்: அகலமான பேசினில் வெதுவெதுப்பான நீர் ஊற்றி 10 முதல் 15 நிமிடம், தினமும் இரண்டு மூன்று முறை உட்காருங்கள். கிருமிநாசினி எதுவும் கலக்க வேண்டாம். இஸ்தின்ஜாவுக்குத் தண்ணீர் பயன்படுத்தும் நம் வழக்கம் இந்நோய்களுக்கு மிக ஏற்றது. வேகமான பீச்சுக்குழாயும் அழுத்தித் தேய்ப்பதும் வேண்டாம். மென்மையாகக் கழுவி ஒற்றித் துடைத்தால் போதும்.

ரமலானில்

நோன்பு காலத்தில் மூலமும் வெடிப்பும் அதிகமாவதற்குக் காரணம் நோன்பு அல்ல. தண்ணீர் குறைவதும், சமோசாவும் வடையும் கூடுவதும்தான். இஃப்தார் முதல் சஹர் வரை தண்ணீரைப் பிரித்துக் குடியுங்கள். நோன்புக் கஞ்சியும் பேரீச்சம்பழமும் பழங்களும் முதலில் வயிற்றை நிரப்பட்டும்.

ஆசனவாயில் இரத்தம் வருவதால் நோன்பு முறியாது. வெளியே பூசும் களிம்பாலும் முறியாது. ஆனால் பின் துவாரத்தின் உள்ளே செலுத்தும் மருந்தும் குழாயும் நோன்பை முறிக்கும் என்பதே ஷாஃபிஈ மத்ஹபின் நிலைப்பாடு. உள்ளே செலுத்தும் மருந்து முறிக்கும் என்றே ஹனஃபி மத்ஹபும் சொல்கிறது. எனவே உள்ளே வைக்கும் மருந்துகளை இரவில் வைத்துக்கொள்ளுங்கள். பரிசோதனை அவசரமானால் அதைத் தள்ளிப்போட வேண்டாம். நோயாளிக்கு நோன்பை விட்டுப் பிறகு களாச் செய்யும் சலுகையை அல்லாஹ் குர்ஆனிலேயே தந்திருக்கிறான்.

உளூவும் தொழுகையும்

பின் துவாரத்தின் உள்ளிருந்து இரத்தம் வெளிப்பட்டால் ஷாஃபிஈ, ஹனஃபி இரு மத்ஹபுகளிலும் உளூ முறியும். துவாரத்துக்கு வெளியே தோலில் உள்ள காயத்திலிருந்து வந்தால் ஷாஃபிஈ மத்ஹபில் முறியாது. ஹனஃபி மத்ஹபில் வழிந்தோடினால் முறியும்.

தொழுவதற்குக்கூட இடைவெளி இல்லாமல் இரத்தம் கசிபவர் மார்க்கச் சட்டத்தில் சலுகைக்குரியவர். அவர் தொழுகை நேரம் வந்த பின் கழுவி, பஞ்சோ துணியோ வைத்துக் கட்டி, உளூச் செய்து தொழ வேண்டும். அதன் பின் கசிந்தாலும் அவருடைய தொழுகை கூடும். ஷாஃபிஈ மத்ஹபில் ஒவ்வொரு ஃபர்ளுக்கும் புதிதாக உளூச் செய்ய வேண்டும். ஹனஃபி மத்ஹபில் அந்த வக்து முடியும் வரை ஒரே உளூ போதும். உட்கார முடியாத வலி இருப்பவருக்கு இம்ரான் (ரலி) அவர்களுக்குக் கிடைத்த அதே சலுகை உண்டு. இரத்தம் வருகிறதே என்று தொழுகையை விடுவதற்கு வழியில்லை. தொழுகைக்குச் சலுகை கிடைத்துவிட்டதே என்று சிகிச்சையை விடுவதும் சரியல்ல.

இன்று இரவு உணவுக்குப் பின் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "வாப்பா, உம்மா, போகும்போது இரத்தம் ஏதும் வருதா?" கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள் என்பதால் நாம்தான் கேட்க வேண்டும். பலருக்கு அது எளிதில் தீரும் மூலமாக இருக்கும். சிலருக்கு அந்தக் கேள்வியே அல்லாஹ்வின் உதவியால் உயிர் காக்கும் காரணமாகலாம்.

எந்த நோய்க்கும் அல்லாஹ் மருந்தை வைத்திருக்கிறான் என்பது நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்த நம்பிக்கை. அதைத் தேடிச் செல்வது நம் கடமை. வல்ல ரஹ்மான் நோயுற்றோர் அனைவருக்கும் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக. ஆமீன்.